ஏழாம் சுற்றில் கொதித்த மெசின்

எனக்கு நாற்பத்து மூன்று வயது. குருநகரில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, அம்மாவும் நானும் இருக்கிறோம். நான் கலியாணம் கட்டவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதையும் கிடையாது. பக்கத்து வளவில் அண்ணை தன் குடும்பத்தோடு இருக்கிறார், கடல் தொழில். எனக்கு ஐஸ் பக்டரியில் வேலை. ஞாயிறு காலை பூசை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கார் ரேஸ்.

ரேஸ் என்றால் லப்டொப்பில். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஒரு ஸ்டியரிங்கைப் பூட்டி, மேசைக்குக் கீழே பிரேக்கையும் அக்சிலேட்டரையும் வைத்து ஓடுவேன். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்த நாட்களில் கைத்தொலைபேசியில் தொடங்கின பழக்கம். அந்தச் சின்னத் திரை போதாமல் போக, கொழும்புத்துறையில் அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்த ஒருவரிடம் அவருடைய கேமிங் லப்டொப்பை வாங்கினேன். பெரிய, பாரமான, கறுத்த மெசின். அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அம்மா கேட்டா, "இதென்ன பிள்ளை, அரைக்கிற கல்லோ?"

மனம் ஆறுவதற்காக விளையாடுகிறேன் என்று சொன்னால் எல்லாருக்கும் பிடிக்கும். பாவம், தனிய இருக்கிறவள் என்று விட்டுவிடுவார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு வெல்ல விருப்பம். ஒரு வளைவுக்குள் மற்றவனை விடப் பிந்திப் பிரேக் பிடித்து, அவனுக்கு உள்பக்கமாகப் புகுந்து வெளியே வருகிறபோது நெஞ்சுக்குள் ஒன்று நிமிரும். அதற்காகத்தான் விளையாடுகிறேன்.

எங்கள் குழுவில் பதினாலு பேர். எல்லாரும் குடாநாட்டுக்குள் இருப்பவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாதையைத் தெரிவுசெய்து பன்னிரண்டு சுற்று ஓடுவோம். நான் சேர்ந்தபோது என் பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் போட்டிருந்தேன். இரண்டு மாதம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பின்னால் வந்த கார் என்னை இடித்துப் பாதையை விட்டுத் தள்ளிவிட, கோபத்தில் மைக்கைத் திறந்து, "ஆரப்பா உது, கண் தெரியேல்லையோ?" என்று கத்திவிட்டேன். பிறகு ஒரு குரல் மெல்லக் கேட்டது, "அக்காவோ?"

"ஓம், அக்காதான். ரேஸைப் பாருங்கோ" என்றேன்.

அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த ஆண்டு சித்திரை வெயிலோடு என் லப்டொப்பிலும் சூடு ஏறத் தொடங்கியது. ஆறு சுற்று வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. மூன்றாவதாக, சில நாட்களில் இரண்டாவதாகக்கூட ஓடுவேன். ஏழாம் சுற்றில் உள்ளே இருக்கிற விசிறி அலறத் தொடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்பும். திரையில் பாதை துண்டு துண்டாக வரும். ஒரு துண்டில் வளைவு தூரத்தில் இருக்கும், அடுத்த துண்டில் நான் மதிலுக்குள் இருப்பேன். பன்னிரண்டாம் சுற்று முடிகிறபோது பதின்மூன்றாவதோ பதினாலாவதோ.

இப்படி மூன்று ஞாயிறு போன பிறகு, சண்டிலிப்பாயிலிருந்து ஓடுகிற ஒருவர் எனக்குப் பெயர் வைத்தார். "ஏழாம் சுத்து அக்கா." எல்லாரும் சிரித்தார்கள். குழுவில் அதற்கொரு படமும் செய்து போட்டார்கள், புகை கக்குகிற ஒரு அடுப்பு. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மெசின் பிழைவிட, பெயர் எனக்கு வந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்தச் சூட்டை நான் விடப்போவதில்லை என்று.

ஐஸ் பக்டரியில் என் வேலைகளில் ஒன்று, மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெசின்களின் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்து எழுதிவைப்பது. ஐஸ் கட்டி வராவிட்டால் ஒப்பரேட்டர் முதலில் போய்ப் பார்ப்பது சூடு வெளியே போகிற பாதையைத்தான். அங்கே அழுக்கு அடைத்திருந்தால் எவ்வளவு பெரிய மெசினும் மூச்சு வாங்கும். லப்டொப்புக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சூட்டை அளந்து காட்டுகிற ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஓடத் தொடங்கும்போது அறுபது பாகை. நாலாம் சுற்றில் தொண்ணூறு. ஏழாம் சுற்றில் தொண்ணூற்றேழைத் தொட்டதும் மெசின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியது. அதற்குப் பெயர் பழுதல்ல, பயம். பயந்த மெசினை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

கைக்கு எட்டினதை எல்லாம் செய்து பார்த்தேன். காற்றுப் போக இடம் வேண்டும் என்று பின்பக்கம் இரண்டு ஜாம் போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். மேசை ஃபானை அதற்கு நேரே திருப்பிவிட்டு நான் வியர்த்தேன். ஏழாம் சுற்று எட்டாம் சுற்றானது. அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் ரவுண் கடைத்தெருவில் உள்ள கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். லப்டொப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பியின்ரையோ, அக்கா?"

"என்ரை."

"அப்ப மகன் கேம் விளையாடுறவரோ?"

"நான் விளையாடுறன்."

அவருடைய உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. "சரி. கழட்டி உள்ளுக்குத் துப்புரவாக்கி, பேஸ்ட் மாத்தித் தாறம். நாலு நாளாலை வாங்கோ" என்றார். பேஸ்ட் என்பது சூடேறுகிற சிப்புக்கும் அதன் மேல் இருக்கிற செப்புத் தகட்டுக்கும் நடுவில் பூசுகிற களிம்பு. அது காய்ந்துபோனால் சூடு தகட்டுக்குப் போகாது, சிப்பிலேயே நிற்கும்.

நாலு நாள் கழித்துப் போனேன். பில் துண்டில் 'உள் துப்புரவு, பேஸ்ட் மாற்றம்' என்று தன் கையால் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் என் கேம்கள் எல்லாம் அழிந்திருந்தன. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் இருந்து கேம்களைத் திரும்பப் பதிவிறக்கினேன். ஞாயிறு மூன்று மணிக்கு ஓடினேன். ஏழாம் சுற்றில் தொண்ணூற்றேழு.

திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோனேன். இந்தமுறை அவர் மெசினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மதர்போட் போகப்போகுது, அக்கா. இனி இதுக்கு மினக்கெட்டுப் பிரயோசனமில்லை. எங்களிட்டைத் தந்திட்டுப் போங்கோ, பாட்ஸுக்கு எடுக்கிறம்." என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தபடி சொன்னார், "உங்களுக்கு உந்தப் பெரிசு தேவையில்லை, ஒரு சின்ன லப்டொப் காணும்தானே. சமையல் பாக்கலாம், பூசை பாக்கலாம்."

"எனக்கு எது காணும் எண்டு நான் சொல்லுறன். மெசினைத் தாங்கோ."

"கோவிக்காதைங்கோ அக்கா, நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"நான் கோவிக்கேல்லை. எனக்கு அந்தப் பேஸ்ட் ஒண்டு தனிய வேணும். இருக்கோ?"

"அது தனிய விக்கிறேல்லை. உங்களாலை செய்யவும் ஏலாது."

ஸ்கூட்டியில் லப்டொப்பை முன்னால் வைத்துக்கொண்டு வருகிற வழியில் இன்னும் இரண்டு கடையில் கேட்டேன். ஒரு கடையில் இல்லை என்றார்கள். மற்றதில் மெசினைத் தந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வீதிக்கு வருகிறபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு வெயிலை விடச் சூடு. ஏலாது என்ற அந்தச் சொல்லை அந்த மனிதர் எவ்வளவு லேசாகச் சொன்னார்! நான் ஸ்குரு டிரைவர் பிடிப்பேனா, பிடிக்க மாட்டேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு குழுவில் எழுதினேன். 'பேஸ்ட் வேணும். ஒரு கடையிலையும் தனியத் தருகினமில்லை.' முதலில் நாலைந்து பகிடி வந்தது. அதற்குப் பிறகு சண்டிலிப்பாய்க்காரர், எனக்குப் பெயர் வைத்த அதே ஆள், தனியாக எழுதினார். 'என்னட்டை மிச்சம் கிடக்கு. வந்து எடுங்கோ.'

அவரிடம் போக எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பேஸ்ட் அவரிடம்தான் இருந்தது. அடுத்தநாள் வேலை முடிந்து பின்னேரம் போனேன். அந்தக் குரலை வைத்து இருபத்தைந்து வயது மதிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன இடத்தில் ஒரு தோட்டம். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேற்றோடு, ஐம்பது தாண்டின ஒரு மனிதர் மண்வெட்டியோடு நின்றார்.

"ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டார். அந்தக் குரல்தான்.

"ஏழாம் சுத்து அக்கா" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். ஹெட்போனில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்த ஆளை நேரே பார்த்தால் இரண்டு பேருக்கும் வெட்கம்தான் வரும். நல்லவேளையாக அவருடைய மனைவி வீட்டுப்பக்கமிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, இருக்கக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

"உவர் ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணியெண்டால் செத்தவீட்டுக்கும் போகார், தங்கச்சி" என்றா. "கேட்டால், அவங்களுக்கு ஆள் குறைஞ்சுபோமாம். நான் ஏதோ பெடியளோடை எண்டு நினைச்சன். பொம்பிளையளும் ஓடுறியளோ?"

"நான் ஒராள்தான்."

"எத்தினையாவதா வாறனீங்கள்?"

சண்டிலிப்பாய்க்காரர் தோட்டத்தைப் பார்த்தார். "அது மெசினின்ரை பிழை" என்று மெல்லச் சொன்னார். "ஆறு சுத்துக்கும் இவவை என்னாலை முந்த ஏலாது."

அதை அவர் குழுவில் ஒருநாளும் சொன்னதில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பேஸ்ட் ஒரு சின்ன ஊசிக்குழாயில் இருந்தது, பாதிக்கு மேல் மிச்சம். கையில் தந்துவிட்டு, "நான் ஒருநாள் வந்து கழட்டித் தரட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். எனக்குப் பேஸ்ட் மட்டும் காணும்."

"சரி. ஆனால் ஒண்டு. நான் முதல்முதல் கழட்டேக்கை ஒரு சின்ன வயரை இழுத்து அறுத்துப்போட்டன். மூண்டு மாசம் லப்டொப் இல்லாமல் இருந்தனான். வயரைப் பிடிச்சு இழுக்காதைங்கோ. பிளக்கின்ரை ரெண்டு கரையையும் நகத்தாலை தள்ளுங்கோ, தானா வரும்." ஸ்கூட்டியை நான் திருப்புகிறபோது திரும்பவும் சொன்னார், "மெசின் சரிவந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் விட்டுத்தர மாட்டன்."

"விட்டுத்தரச் சொல்லி ஆர் கேட்டது?"

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா, லீவு. அம்மாவிடம் சொல்லிச் சாப்பாட்டு மேசையை வெறுமையாக்கினேன். ஒரு வெள்ளைக் கடதாசியில் லப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழட்டுகிற ஸ்குரு ஆணி ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே செலோரேப்பால் ஒட்டிவைக்கலாம் என்று திட்டம் போட்டேன். முதல் ஆணி வந்தது. இரண்டாவது, மூன்றாவது வந்தன. நடுவில் இருந்த ஆணியைக் காணவில்லை. விரலால் தடவிப் பார்த்தபோது அதன் மேல் ஒரு சின்ன வட்டமான ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. மெசின் செய்த இடத்தில் ஒட்டுகிற ஸ்ரிக்கர், இதை எடுத்தால் மெசினைத் திறந்ததாகக் கருதப்படும் என்று ஆங்கிலத்தில் சின்னதாக எழுதியிருந்தது. ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை.

நான் கையை எடுத்துவிட்டேன். அந்த ஆணியைக் கழட்டாமல் மூடி வராது. ஸ்ரிக்கரைக் கிழிக்காமல் அந்த ஆணியைத் தொட முடியாது. அப்படியென்றால் இந்த மெசினை இன்றுவரை ஒருவரும் திறக்கவில்லை. உள் துப்புரவும் இல்லை, பேஸ்ட் மாற்றமும் இல்லை. திறந்தே பார்க்காமல்தான் அந்த மனிதர் மதர்போட் போகப்போகுது என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

முதலில் வந்தது கோபமில்லை. ஒரு சந்தோஷம். மதர்போட் நல்லாயிருக்கலாம்! கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்து வடிவாக உட்கார்ந்தது. ஃபோனை எடுத்து ஸ்ரிக்கரைக் கிட்டவும் தூரவும் வைத்து நாலு படம் பிடித்தேன். பிறகு ஸ்குரு டிரைவரின் நுனியால் அதைக் குத்திக் கிழித்தேன்.

அன்றைக்கு அண்ணையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நிலவு காலத்தில் தொழில் குறைவு. அவருடைய வீட்டை விட எங்கள் ஹோல் பெரிது, ஃபானும் உண்டு என்று வலையைக் கொண்டுவந்து நிலத்தில் பரப்பி வைத்துக் கிழிசல் பொத்துகிறது அவருடைய வழக்கம். அவர் என் மேசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினார்.

"கடைக்காரனே ஏலாதெண்டு விட்டதை நீ கழட்டுறாய்."

"அவன் ஏலாதெண்டு விடேல்லை அண்ணை. அவன் திறக்கவே இல்லை."

"எதுவாயும் இருக்கட்டும். நாப்பத்து மூண்டு வயசிலை கார் விளையாட்டு. பூசைக்குப் போனால் என்னட்டைக் கேக்கிறாங்கள், தங்கச்சி இன்னும் ரேஸ் ஓடுறாவோ எண்டு. நான் என்ன சொல்ல?"

"ஓம், ஓடுறா எண்டு சொல்லுங்கோ."

"விசர்க் கதை கதையாதை."

நான் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தேன். "அண்ணை, கடலாலை வந்த உடனை நீங்கள் எஞ்சினுக்கு நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுறியள். ஒருநாளும் தவற விடமாட்டியள். அதைப் பாத்து ஆரும் சிரிக்கினமோ?"

"அது தொழில்."

"இது என்ரை ஞாயிற்றுக்கிழமை."

அண்ணை வலை ஊசியைக் கண்ணிக்குள் விட்டுக்கொண்டு குனிந்துகொண்டார். குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னா, "அவள் வேலை செய்யட்டும், விடு." அம்மா சத்தம் போடவில்லை, ஆனால் அந்தக் குரலுக்கு மேல் எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

மூடியைச் சுற்றிவர இருந்த பிளாஸ்டிக் கொழுவிகளைப் பழைய வங்கி அட்டையால் நெம்பி நெம்பித் திறந்தேன். ஒவ்வொன்றும் 'டக்' என்ற சத்தத்தோடு விட்டபோது எதையோ உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு திடுக்கிட்டது. மூடி வந்தது. முதலில் பற்றரியின் பிளக்கை நகத்தால் தள்ளிக் கழட்டினேன். அதன் பிறகுதான் உள்ளே வடிவாகப் பார்த்தேன்.

இரண்டு விசிறிகள். அவற்றின் வாயில், காற்று வெளியே போகிற செப்பு இடுக்குகளில், தூசி பஞ்சுக் கம்பளியாகப் படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு ஈரம் அதைக் கட்டியாக்கிவைத்திருந்தது. ஓர் ஆணியின் தலையில் பச்சை பூத்திருந்தது. இடப்பக்க விசிறியைச் சுண்டிவிட்டேன், அரைச் சுற்று சுற்றி நின்றது. வலப்பக்க விசிறி அசையவே இல்லை. அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், அதன் அச்சைச் சுற்றி நீல நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. புருவம் பிடுங்குகிற இடுக்கியால் நுனியைப் பிடித்து மெல்லச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நைலோன் நூல்.

எழும்பிப் போய் அண்ணைக்கு முன்னால் அதை நீட்டினேன். "உங்கடை வலை."

அவர் வாங்கி விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார். தன் மடியில் கிடந்த நூலையும் பார்த்தார். வலையைச் சுருட்டி, நூல் துண்டுகளைக் கையாலேயே கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே விறாந்தைக்குப் போனார். வெயில் அடிக்கிற விறாந்தை. நான் தடுக்கவில்லை.

சின்னப் பெயின்ற் தூரிகையால் தூசியைத் தட்டினேன். விசிறி சுழன்றுவிடாமல் இருக்க ஒரு விரலால் அதன் இறகைப் பிடித்துக்கொண்டேன். செப்பு இடுக்குகளில் அடைந்ததை ஊசியால் கிளப்பினேன். மேசையில் விழுந்ததைச் சேர்த்தால் ஒரு கைப்பிடி. செப்புத் தகட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கம் அடித்திருந்தார்கள். அந்த ஒழுங்கில் ஆணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தகட்டைத் தூக்கினேன். பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக வெடித்துக் கிடந்தது. மருந்துக் கடையில் வாங்கின ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கீழே சிப் கண்ணாடியாக மினுங்கியது. அதில் என் மூக்கு தெரிந்தது. புதுப் பேஸ்ட்டைப் பயறளவு வைத்து, தகட்டை அதன் மேல் இறக்கி, அதே ஒழுங்கில் திரும்ப இறுக்கினேன்.

பற்றரியின் பிளக்கைக் கொழுவி, மூடியைப் போட்டு, கடைசி ஆணியையும் இறுக்கி, பொத்தானை அமத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

திரும்ப அமத்தினேன். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. விறாந்தை வாசலில் அண்ணை வந்து நின்றார்.

"நான் சொன்னனான்."

"சொன்னனீங்கள்தான்" என்றேன். கடைக்காரரின் உதட்டுச் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. உங்களாலை ஏலாது.

அம்மா சோற்றுக் கோப்பையோடு வந்தா. மேசையில் இடமில்லாததால் என் மடியில் வைத்தா. "கழட்டினதைத் திருப்பியும் கழட்டலாம்தானே. முதல் சாப்பிடு. பசியோடை கை நடுங்கும்." மீன் குழம்பும் சோறும். ஒரு வாய்கூட ருசிக்கவில்லை, ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன்.

கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் எல்லா ஆணியையும் கழட்டினேன். இந்தமுறை கொழுவிகளின் 'டக்' எனக்குப் பயம் தரவில்லை. செய்த ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். விசிறிகளின் பிளக்குகள் சரி. தகடு சரி. பற்றரியின் பிளக் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, மற்றப் பக்கம் ஒரு நூலளவு வெளியே நின்றது. இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மூடியைப் போடாமலே பொத்தானை அமத்தினேன். இரண்டு விசிறியும் சுழன்றன. சத்தம் கேட்கவே இல்லை, அவ்வளவு இலேசாக.

நான் அழவில்லை. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அம்மா குசினிக்குள்ளிருந்து, "என்ன உடைஞ்சது?" என்று ஓடி வந்தா.

பின்னேரம் அரை மணித்தியாலம் தனியாக ஓடிப் பார்த்தேன். எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்து மூன்று. அங்கேயே நின்றது. பத்தாம் சுற்றிலும் எண்பத்து மூன்று.

ஞாயிறு மூன்று மணிக்கு அம்மா ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டா. வழமையாக அவ அந்த நேரம் படுப்பா. ஐந்தாவதாகத் தொடங்கினேன். நாலாம் சுற்றில் மூன்றாவது இடம். ஏழாம் சுற்று வந்தபோது காதுக்குள் ஒரு குரல், "அக்கா, அடுப்பு மூட்டியாச்சோ?" கார் என் கைக்குக் கட்டுப்பட்டு ஓடியது. திருப்பினால் திரும்பியது. எட்டாம் சுற்று. ஒன்பது. பகிடிக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பத்தாம் சுற்றில் எனக்கு முன்னால் சண்டிலிப்பாய்க்காரரின் கார். பதினோராம் சுற்றில் அவருக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

"பிரேக்கைப் பிடி பிள்ளை, பிடி!" என்று அம்மா கத்தினா.

பிடிக்கவில்லை. பிந்திப் பிடித்தேன், மிகவும் பிந்தி. கார் மண்ணுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வெளியே எடுத்துக்கொண்டு வருகிறபோது இன்னொருவரும் முந்திவிட்டார். நாலாவதாக முடித்தேன்.

அந்தப் பிழை முழுக்க என்னுடையது. ஆசையில் விட்ட பிழை. எத்தனையோ ஞாயிறுக்குப் பிறகு என் சொந்தப் பிழையால் தோற்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. காதுக்குள் சண்டிலிப்பாய்க்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "அக்கா, நல்ல ஓட்டம்." அக்காவுக்கு முன்னால் வேறு ஒன்றும் அவர் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். கையில் அவர் எழுதித் தந்த துண்டு, ஃபோனில் ஸ்ரிக்கரின் படம். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. படத்தை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இது நான் திறக்க முன்னம் எடுத்தது. இந்த ஸ்ரிக்கரைக் கிழிக்காமல் எப்பிடி உள்ளுக்குத் துப்புரவாக்கினீங்கள்?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அது... உள்ளுக்கு வேறை ஆள்தான் பாத்தது அக்கா. சரி, கொண்டு வாங்கோ, சும்மா செய்து தாறன்."

"செய்து முடிஞ்சுது. வடிவா ஓடுது."

"எங்கை செய்வித்தனீங்கள்?"

"வீட்டிலை. நான்."

நின்ற இருவரில் ஒருவர் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் ஃபோனை என் பக்கம் தள்ளினார். "அப்ப இப்ப என்ன வேணும்?"

"இந்தத் துண்டிலை துப்புரவு, பேஸ்ட் எண்டு எழுதியிருக்கிறியள். அதை வெட்டிப்போட்டு, திறக்கேல்லை எண்டு எழுதி ஒப்பம் வையுங்கோ."

"உதை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யப்போறேல்லை. உண்மையா இருக்கட்டும்."

அவர் அந்த இரண்டு பேரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. எனக்கு இன்னும் இருபது நிமிடம் சாப்பாட்டு நேரம் இருந்தது, அதை முழுதாக அங்கேயே நிற்கத் தயாராக இருந்தேன். கடைசியில் பேனையை எடுத்தார். பழைய எழுத்தின் மேல் கோடு போட்டு, 'திறக்கப்படவில்லை' என்று எழுதி, கீழே ஒப்பம் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, நெல்லியடியிலிருந்து ஓடுகிற ஒருவர் குழுவில் எழுதினார். 'இனிப் பொம்பிளையளுக்கு எண்டு தனிய ஒரு ரேஸ் வைச்சால் என்ன? அக்காவுக்கும் லேசா இருக்கும்.' அதற்குக் கீழே மூன்று பேர் பெருவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

பக்டரியில் மெசின்களின் சூட்டை எழுதிவிட்டு வந்து அதைப் படித்தேன். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். அதனால்தான் பதில் உடனேயே எழுத வேண்டும் என்று பட்டது. நின்ற நிலையிலேயே எழுதினேன்.

'வையுங்கோ. ஆக்களைச் சேத்துத் தாறன், அதிலையும் ஓடுறன். ஆனால் ஞாயிறு மூண்டு மணிக்கு இதிலையும் நிப்பன். லேசா இருக்கோணும் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை.'

உயர்ந்திருந்த மூன்று பெருவிரலில் இரண்டு காணாமல் போயின. அந்த ஞாயிறு நான் மூன்றாவதாக வந்தேன். நெல்லியடிக்காரர் ஒன்பதாவது.